ஆறாம் வகுப்பில் கைவிடப்படும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் நம்முடைய வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழியும். காலனியிலிருந்து ஒரு பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தால் சால்வை போடுகிறோம், பேனர் கட்டுகிறோம், அண்ணல் படத்தின் முன் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த மற்றப் பிள்ளைகள் எங்கே என்று அன்றைக்கு நாம் யாரும் கேட்பதில்லை. திண்டிவனத்தில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சூளையில் அவர்கள் இருப்பார்கள்.

இடைநிற்றல் பற்றி அரசு வெளியிடும் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் அது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிரச்சினை போலத் தெரியும். தொடக்க வகுப்புகளில் எண் மிகவும் குறைவு. உயர்நிலை வகுப்புகளில்தான் அது ஏறுகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு என்று நாமும் அங்கேயே போய் நிற்கிறோம். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்பில் பெயர் அடிக்கப்படுகிறதே தவிர, பிள்ளையைப் பள்ளி இழப்பது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில். அந்த மூன்று ஆண்டுகளில் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் கைகொடுக்க அரசிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம்மிடமும் இல்லை.

எது எங்கே நிற்கிறது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. நல்ல திட்டம். வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஒரே நடுநிலைப் பள்ளியில் தம்பி ஐந்தாம் வகுப்பு, அக்கா ஆறாம் வகுப்பு என்றால், தம்பிக்குப் பொங்கல் கிடைக்கும். அக்கா மதிய உணவு மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நாற்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ அம்மா விடியலில் கிளம்பிவிட்ட வீட்டில் காலைச் சோறு என்பது முந்தைய நாள் மிச்சம் இருந்தால் உண்டு.

ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்கு முந்தைய கல்வி உதவித்தொகை 9, 10 வகுப்புகளுக்கு மட்டும். பழங்குடி மாணவர்களுக்கும் அப்படியே. கையால் மலம் அள்ளுதல், அபாயகரமான துப்புரவு, தோல் பதனிடுதல், குப்பை பொறுக்குதல் ஆகிய தொழில்களில் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் வகுப்பிலிருந்தே தனிப் பிரிவு உண்டு. அதற்கு வருமான வரம்பும் கிடையாது. நகராட்சிகளில் துப்புரவு வேலை செய்யும் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? மாநில அரசு நம் பெண் பிள்ளைகளுக்குத் தரும் ஊக்கத்தொகை ஆறாம் வகுப்பில் ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஏழு, எட்டில் 1,500. ஆண்டுக்கு, மாதத்துக்கு அல்ல.

விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்பில் வரும். ஆனால் பள்ளி தூரமாவது ஆறாம் வகுப்பிலேயே. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரைக்கான பள்ளி மூன்று கிலோமீட்டர் வரை போகலாம். பேருந்துப் பயணம் இலவசம்தான். அந்த நேரத்துக்குப் பேருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, அதற்கு என்ன தகுதி? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு? அதே 6 முதல் 12. ஆக, பரிசு கொடுப்பதற்கு அரசு ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கெடுக்கிறது. கைப்பிடிப்பதை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, ஒன்பதில்தான் மறுபடி தொடங்குகிறது. நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுப் பள்ளத்தைக் குடும்பமே தாண்ட வேண்டும். தாண்டியவர்களுக்குப் பரிசு காத்திருக்கிறது. விழுந்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

எட்டு வரை தேர்ச்சி, ஒன்பதில் அதிர்ச்சி

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. 'ஆல் பாஸ் போடுவதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், எட்டாம் வகுப்பில் வடிகட்டினால் சரியாகும்' என்று பலர் பேசுகிறார்கள். நம்மில் சிலரும் பேசுகிறார்கள். 2019-ல் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தபோது எதிர்த்தோம். 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தது சரி. வடிகட்டி யாரை வெளியே தள்ளும் என்பது நமக்குத் தெரியும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகம் விரட்டியது. எட்டாம் வகுப்பில் தோற்ற பிள்ளை போகும் இடமும் அப்பன் வேலைக்குத்தான்.

கல்வி உரிமைச் சட்டம் எட்டு வரை யாரையும் பள்ளியை விட்டு வெளியேற்றாதே என்கிறது. வெறுமனே உட்கார வைத்திரு என்று அது சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர், பிள்ளையின் பெயரும் வீடும் தெரிந்தவர். ஆறாம் வகுப்பில் ஐந்து பாடம், பாடத்துக்கு ஒருவர். பின்னமும் விகிதமும் அங்கேதான் கனமாக வருகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அறிவியல் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஓராண்டில் பிடி நழுவினால் ஏழும் எட்டும் வெறும் வருகைப் பதிவு. ஒன்பதில் பிள்ளை முதன்முறையாகத் தோற்கும். தனக்குப் படிப்பு வரவில்லை என்று தானே சொல்லும். மூன்று ஆண்டுகளாகச் சொல்லித்தரப்படவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது.

சொல்லித்தர ஆள் எங்கே? ஆறு முதல் எட்டு வரை ஓவியம், உடற்கல்வி, கணினி, இசை, தையல் சொல்லித்தர 2012-ல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. இன்று அவர்களில் சுமார் 12,000 பேர் மிஞ்சியிருக்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்டு இன்னும் தெருவில் போராடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கு விரும்பி வருவதற்குக் காரணமான பாடங்களை எடுப்பவர்களையே இப்படி வைத்திருக்கிறோம்.

பெற்றோர் மேல் பழி

'அவங்க அப்பா அம்மாவுக்கு அக்கறை இல்ல சார்' என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். படித்து மேலே வந்த நம்மவர்களே இதைச் சொல்லும்போது வலிக்கிறது.

அக்கறை இல்லாத குடும்பம் என்று எதைச் சொல்கிறார்கள்? பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பம் திருவள்ளூர், செங்கல்பட்டு சூளைகளுக்குக் கிளம்புகிறது. பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது? ஐந்து வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு வயது அக்கா கூடவே போக வேண்டும். ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவம் அவளுக்கு இல்லை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால், ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் சேர்த்து ஒரு முழு ஆண்டுப் படிப்பு போய்விடுகிறது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தின் சுமையை ஏழாம் வகுப்புப் பிள்ளை சுமக்கிறாள். பழி மட்டும் அவள் அம்மாவுக்கு.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்று வகுப்புகளில்தான். கதவு தாழ் போடாத கழிப்பறை, தண்ணீர் வராத குழாய், ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டிய மூன்று கிலோமீட்டர். மஞ்சள் நீராட்டுக்குப் போட்ட விடுப்பு ஒரு மாதமாக நீள்வதற்குக் காரணம் வெறும் மூடப் பழக்கம் இல்லை, அச்சம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டதை அறிந்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. பேத்தி திரும்ப அரை மணி நேரம் தாமதமானால் ஆயா தெருமுனையில் வந்து நிற்பதை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த அச்சத்துக்கு நாம் தர வேண்டிய பதில் துணைக்கு ஆள். அறிவுரையை வைத்துக்கொண்டு ஆயா என்ன செய்யும்?

ஆண் பிள்ளைகளின் கதை வேறு. எட்டாம் வகுப்புப் பையன் ஞாயிற்றுக்கிழமை பந்தி பரிமாறப் போய்ச் சம்பாதித்த பணத்தில் தங்கச்சிக்குச் செருப்பு வாங்கித் தருகிறான். வீட்டில் அவனுக்கு முதன்முதலாக மரியாதை கிடைக்கிறது. வகுப்பறையில் கிடைக்காத மரியாதை அது. வேலைக்குப் போகாதே என்று அவனிடம் சொல்வதற்கு முன், வகுப்பில் அவனுக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சாதி கண்ணுக்குத் தெரியும் வயது

காலனிக்குள்ளேயே இருக்கும் தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில்தான் ஊர்ப் பள்ளிக்குப் போகிறது. 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை அங்கேதான் முதலில் சந்திக்கிறது. நமக்குப் பக்கத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த காலத்தில் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியிருந்ததைத் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை. தெருப் பெயரை மாற்றிச் சொல்லும் பிள்ளைகள் இன்றும் நம் காலனிகளில் இருக்கிறார்கள்.

2023-ல் நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டு, ஜூன் மாதம் கோயில் சீல் வைக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு ஊரிலும் பெரியவர்கள் மோதும்போது, மறுநாள் காலை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார வேண்டும். அவர்களோடு பேசுவது யார்? அதே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரிவாள் எடுத்த கை பன்னிரண்டாம் வகுப்பில் சாதி கற்றுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியை அடையாளப்படுத்தும் கயிறு, மோதிரம், பொட்டு கூடாது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது. அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு வேண்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கடைசிப் பரிந்துரைக்குப் பணம் ஒரு பைசா தேவையில்லை. 'எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க' என்ற ஒரு வாக்கியம் நின்றால் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எழுந்து நிற்றல் எவ்வளவு பெரியது என்பது எழுந்து நின்றவர்களுக்குத் தெரியும்.

சான்றிதழ் இல்லாத பிள்ளைகள்

இருளர் குடும்பங்களைத் தனியாகப் பேச வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியரிடம் கிடைத்துவிடும். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பா பள்ளிக்கே போனதில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக இந்த ஒரு காகிதத்துக்காக எத்தனை மனு, எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள் என்பதை இளைய தோழர்கள் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே பேராசிரியர் திண்டிவனம் ரோசனையில் தாய்த் தமிழ்ப் பள்ளியையும் உருவாக்கியவர். உரிமைப் போராட்டமும் பள்ளிக்கூடமும் இரண்டு வேலை அல்ல என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி அது.

அதற்கும் முன்பே, நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் வைத்தார். சோறும் படுக்க இடமும் இல்லாமல் நம் பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. இன்று அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. பள்ளி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023-ல் உயர்த்தப்பட்ட பிறகு மாதம் 1,400 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட இல்லை. வளரும் வயதுப் பிள்ளைக்கு இதில் எந்த நீதியைப் பரிமாறுவது?

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை

காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் எல்லாருக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே உதவித்தொகை கொடு. மிதிவண்டியைத் தூரம் தொடங்கும் வகுப்பில் கொடு. விடுதி உணவுப்படியை விலைவாசியோடு சேர்த்து உயர்த்து. சந்துரு குழுப் பரிந்துரைகளில் எதை ஏற்றாய், எதை ஏற்கவில்லை என்று பள்ளி வாரியாகச் சொல். விழுப்புரம் தனி நாடாளுமன்றத் தொகுதி. திண்டிவனமும் வானூரும் தனிச் சட்டமன்றத் தொகுதிகள். இந்தக் கேள்விகளை எடுத்துப்போகச் சொல்ல நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வரும்போது ஆறாம் வகுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யும் வரை பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே நிற்காது. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு காலனிக்குச் செய்துவிடக்கூடிய வேலைகள் இவை.

ஒன்று, பட்டியல். மே மாதத்தில் உங்கள் காலனியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தார் என்று ஜூனில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கூடவே நடந்து போங்கள். அந்த நோட்டை எட்டாம் வகுப்பு முடியும் வரை மூடாதீர்கள்.

இரண்டு, காகிதம். சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் கோடை விடுமுறையிலேயே முடித்துவிட வேண்டும். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14, 5 பிரிவுகள் சொல்கின்றன. சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையை அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்கவும் இதே சட்டம்தான் கைக்கருவி. கிளம்பும் முன்பே எந்த ஊர், எந்தச் சூளை என்று கேட்டு, அங்குள்ள தோழர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சிக்கல் வந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

மூன்று, என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேசிய உதவித்தொகைத் தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு மதிப்பெண் 55 விழுக்காடு, நம் பிள்ளைகளுக்கு 50 போதும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி. பயிற்சியை ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். எட்டில் தொடங்கினால் தாமதம்.

நான்கு, பெற்றோரை அதிகாரத்தில் உட்கார வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம் என்று சட்டம் சொல்கிறது. பல இடங்களில் நம் அம்மாக்களின் பெயர் குழுவில் இருக்கும். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுவார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவர்களோடு உட்கார்ந்து, கழிப்பறைத் தாழ்ப்பாள் முதல் கணக்கு ஆசிரியர் வரை என்ன கேட்பது என்று பேசுங்கள். கூட்டத்தில் அம்மா பேசட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

ஐந்து, மாலை நேரம். பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்ப் பெண்களே சொல்லித்தந்தார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளியது. அதே தெருவில் வளர்ந்த ஓர் அக்கா சொல்லித்தந்தால் பிள்ளை பயமில்லாமல் 'புரியலக்கா' என்று சொல்லும். வாரத்துக்கு மூன்று மாலை போதும். வாசிப்பு, பின்னம், ஆங்கிலத்தில் பத்து வரி. கொஞ்சம் பறை, கொஞ்சம் கால்பந்து.

இதற்கெல்லாம் மேடை கிடையாது, மைக் கிடையாது, படம் எடுத்துப் போட்டால் லைக்கும் வராது. மூன்று ஆண்டு தொடர்ந்து செய்ய வேண்டிய சலிப்பான வேலை. ஆனால் சேரிப் பிள்ளை ஒன்று எட்டாம் வகுப்பை வெறும் தேர்ச்சியாகக் கடக்காமல் படித்துக் கடந்தால், அதற்கு அப்புறம் அதைத் தடுத்து நிறுத்துவது அவ்வளவு எளிது இல்லை.

ஜூன் வருவதற்குள் நோட்டு வாங்கிவிடுங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.